வாளின் மறுமுனை

இன்று காலை பதுளைக் கடைத்தெருக் கோடியில் ஒரு பெரிய மரம் சாய்ந்து கிடந்தது. இரவு பெய்த மழையில் வேரோடு வந்துவிட்டது. வண்டிகள் போக வழியில்லாததால் இரண்டு பேர் நீள வாளோடு வந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். பிசின் ஏறி வாள் இறுகியதும் ஒருவன் போத்தலைச் சாய்த்து அதன்மேல் மண்ணெண்ணெய் தெளித்தான். பச்சை மரத்தூளும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த வாசனை வந்ததும், கையில் மல்லிப் பொட்டலத்தோடு நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்த வாசனையோடுதானே நீங்கள் தினமும் வீட்டுக்கு வருவீர்கள். குளித்த பிறகும் போகாது. சோறு பிசையும் விரலில்கூட இருக்கும்.

வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். எனக்கு எழுதத் தெரியும் என்பதே உங்களுக்குத் தெரியாது. நம் மகள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து வாசல் மண்ணில் எழுத்துப் போடுவாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் பழகிக்கொண்டேன். மகள் என்று எழுதிவிட்டேன். அவளையும் உங்களுக்குத் தெரியாது.

மடுல்சீமையில் நாம் இருந்த காலத்தில், ஸ்டோர் என்று நாம் சொல்லும் தேயிலை ஆலைக்கு இராப்பகலாக விறகு வேண்டியிருந்தது. மலைச்சரிவில் துரைமார் முன்பு நட்ட டர்பண்டைன் மரங்கள் வானத்துக்கு வளர்ந்து நின்றன. அவற்றை வெட்டிச் சாய்ப்பது உங்கள் வேலை. இரண்டு ஆள் இழுக்கிற வாள் அது. மறுமுனையைப் பிடித்தவர் உங்கள் சித்தப்பா மகன். நமக்குக் கல்யாணமான மறு வருஷம் அவர் காய்ச்சலில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து நீங்கள் வாளைச் சாக்கில் சுற்றி மூலையில் சாய்த்துவைத்தீர்கள். அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தீர்கள்.

"கான் வெட்டப் போகச் சொல்றாரு கங்காணி" என்றீர்கள். முழங்கால் சேற்றில் நின்று வடிகால் தோண்டுகிற வேலை அது. நீங்கள் அதை விரும்பவில்லை என்று எனக்குத் தெரியும்.

"அடுத்த முனைய நான் புடிக்கவா?" என்று கேட்டேன். ஆறுதலுக்காகத்தான் கேட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. என் இரண்டு உள்ளங்கையையும் திருப்பிப் பார்த்தீர்கள். மறுநாள் பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கும்போது, என்னையும் உங்கள் பக்கத்தில் நிறுத்திக்கொண்டீர்கள்.

கங்காணிக்குக் கோபம் வந்தது. "பொம்பளைக்குக் கொழுந்துக் கூடை இருக்கில்ல? மரம் வெட்டுற எடத்துல என்னா வேலை?"

"வாளுக்கு ஆம்பளை பொம்பளை தெரியாதுங்க. தள்ளாம இழுக்குற கை வேணும், அம்புட்டுத்தான்" என்றீர்கள்.

ஸ்டோரில் விறகு குறைந்துகொண்டிருந்தது. அதனால் விட்டார்.

முதல் வாரம் என் தோள்பட்டை வீங்கிப்போயிற்று. நான் அவசரப்பட்டு என் பக்கமிருந்து தள்ளுவேன்; வாள் வளைந்து துள்ளும். நீங்கள் நிறுத்திவிட்டு, ஒரு சொல்லும் கடுமையாகச் சொல்லாமல் மறுபடி தொடங்குவீர்கள். ஒரு நாள், எப்போது என்று தெரியவில்லை, வாள் தானாக ஓடுகிற மாதிரி ஆயிற்று. நீங்களும் அதைக் கவனித்தீர்கள். தலை நிமிராமலே சிரித்தீர்கள்.

நீங்கள் பயந்த ஆள். மற்றவர்கள் அப்படித்தான் உங்களைக் கேலி செய்வார்கள். மரத்தடிக்குப் போனதும் கோடாரியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தபடி மரத்தை ஒரு சுற்றுச் சுற்றுவீர்கள். காய்ந்த கிளை தொங்குகிறதா, எந்தப் பக்கம் பாரம் அதிகம், காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பீர்கள். அதன் பிறகு நாம் இருவரும் விலகி ஓட, விழும் திசைக்குப் பின்னால் கோணலாக இரண்டு வழி வெட்டிச் செத்தையை அள்ளிப் போடுவீர்கள். அடுத்த ஜோடி அதற்குள் பாதி மரம் அறுத்திருக்கும்.

"சாமி கும்புடுறாரு!" என்று அங்கிருந்து கத்துவார்கள். நீங்கள் செத்தையை அள்ளிக்கொண்டே இருப்பீர்கள்.

விழவேண்டிய பக்கத்தில் கோடாரியால் வாய் வெட்டி, பின்பக்கமிருந்து வாளைப் போடுவோம். வாள் உள்ளே போகப் போக அதன் பின்னால் மர ஆப்பை அடித்து இறக்குவீர்கள். மரம் பின்னால் உட்கார்ந்து வாளைக் கவ்விவிடாமல் இருக்க. சாயந்தரம் நாம் குடியிருந்த லயத்து வாசலில் வாளை முழங்காலில் கிடத்தி, அரத்தால் ஒவ்வொரு பல்லாகத் தீட்டுவீர்கள். "கூரான வாளு சொன்ன பேச்சு கேக்கும் புள்ள. மொக்கை வாளுதான் ஆளைக் கொல்லும்" என்பீர்கள். பிறகு அரத்தை என்னிடம் கொடுத்துவிட்டு வெற்றிலை போடுவீர்கள். கொஞ்ச நாளில் என் தீட்டல் உங்களுடையதைவிட நன்றாக வந்தது. அதை நீங்களே நாலு பேருக்குச் சொன்னீர்கள்.

என் காது உங்கள் காதைவிடக் கூர்மை. உள்ளே உளுத்த மரம் ஒன்றை நாம் அறுத்த நாள் நினைவிருக்கிறதா? நீங்கள் குனிந்து ஆப்பு அடித்துக்கொண்டிருந்தீர்கள். மேலே எங்கோ மெல்லிய முறிவுச் சத்தம். "ஏங்க" என்றேன். ஆப்பு அடிக்கிற சத்தத்தில் கேட்கவில்லை. "ஏங்க, ஏங்க" என்றேன். பிறகு, என்ன செய்கிறேன் என்று தெரியாமலே, உங்கள் பேரைச் சொல்லிக் கத்தினேன். நீங்கள் திடுக்கிட்டு என் பக்கம் பாய்ந்தீர்கள். நீங்கள் குனிந்திருந்த இடத்தில் ஆள் பருமனுள்ள கிளை குத்தி நின்றது.

கொழுந்து மலையில் நின்ற அத்தனை பெண்களுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருந்தது. லயம் முழுக்க அதே பேச்சு. புருஷன் பேரைச் சொன்னவள் என்று தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் என்னைக் காட்டிச் சிரித்தார்கள். அத்தை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நீங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது அவரைப் பார்த்துச் சொன்னீர்கள்:

"ஆத்தா, அவ சொல்லலேன்னா இன்னைக்கு நீ என் பேரைச் சொல்லி ஒப்பாரி வச்சிருப்ப."

அத்தை எழுந்து போய் எனக்கும் ஒரு தட்டு எடுத்துவந்து வைத்தார். இப்போதும் இந்தக் காகிதத்தில் உங்கள் பேரை எழுத எனக்குக் கை வரவில்லை. அன்று எப்படி வந்ததோ.

நான் உண்டானேன். ஏழாம் மாதம் வரை இழுத்தேன். அதற்குமேல் நீங்கள் விடவில்லை. கங்காணி மாரிமுத்துவை உங்களோடு சேர்த்தார். திருச்சிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவன், பலசாலி, நல்ல பையன்தான். "வேகமா இருக்கான். நிக்கச் சொன்னா நிக்க மாட்டேங்குறான்" என்று நீங்கள் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அது கச்சான் காற்று வீசும் மாதம். கூரைத் தகரம் நாளெல்லாம் படபடத்துக்கொண்டிருந்தது. காற்று நிற்கட்டும் என்று இரண்டு நாள் நீங்கள் மரத்தில் வாள் வைக்கவில்லை. மூன்றாம் நாள் விறகு எங்கே என்று கேட்டுக் கணக்கப்பிள்ளையே மலைக்கு வந்துவிட்டார். மத்தியானம் காற்று கொஞ்சம் ஓய்ந்தது. "ஒரே ஒரு மரம்" என்று சொல்லித் தொடங்கினீர்களாம்.

முக்கால்வாசி அறுத்தபோது காற்று எதிர்ப்பக்கமிருந்து எழும்பிற்று. ஆப்பையும் மீறி மரம் பின்னால் உட்கார்ந்து வாளைக் கவ்விக்கொண்டது. "விட்டுட்டு வா!" என்று நீங்கள் கத்திவிட்டு உங்கள் வழியில் ஓடினீர்கள். மாரிமுத்துவும் ஓடினான். ஓடியவன் திரும்பினான். வாள் உடைந்தால் அதன் விலையைக் கூலியில் பிடிப்பார்கள். கப்பலேறி வந்த கடனே தீராதவன். இரண்டு கையாலும் வாளைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றான். நீங்கள் ஒதுங்கிய இடத்தில் நின்றிருந்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. திரும்பி வந்து அவனைத் தள்ளிவிட்டீர்கள். காற்று சுழன்று மரம் முறுக்கிக்கொண்டு விழுந்தது. அடிமரம் எகிறி உங்கள் நெஞ்சில் அடித்தது.

கம்பளியைக் கழியில் கட்டி உங்களைத் தூக்கிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்களாம். பாதி மலைகூட இறங்கவில்லை. லயத்துக்குத் திரும்பிக் கொண்டுவந்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். அத்தைதான் முதலில் போய்க் கம்பளியை விலக்கினார்.

வழியில் நீங்கள் ஒருமுறை கண் திறந்து, "மாரிமுத்துக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டீர்களாம். அவனே அழுதுகொண்டு வந்து சொன்னான். அதை ஏன் சொன்னான்? என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. வயிற்றில் இருந்ததைப் பற்றிக் கேட்டிருக்கலாமே. உங்கள் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் அழுகையே வந்தது.

பிள்ளை பிறந்தாள். உங்கள் நெற்றி. வாரத்துக்கு ஒருமுறை வாசலில் ஒரு கட்டு விறகு கிடக்கும். யார் வைப்பது என்று தெரியும். முதல் கட்டைத் தூக்கிக் கானில் எறிந்தேன். அத்தை இறங்கிப் போய் நனைந்த விறகை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்தார்.

"வெறகு என்னடி பண்ணுச்சு? புள்ளைக்குச் சுடுதண்ணி வேணாமா?"

பிள்ளை தவழத் தொடங்கியதும், அத்தை கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். கொழுந்து மலைக்குப் போகும் வழியில் மாரிமுத்துவையும் இன்னொருவனையும் பார்த்தேன். வாள் முனகிக்கொண்டு போனது. அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. கூடையை இறக்கிவிட்டுப் போய்க் கேட்டேன்: "கடைசியா எப்பத் தீட்டின?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கு வராதுங்க அக்கா."

அங்கேயே உட்கார்ந்து தீட்டினேன். மறுநாள் அவனோடு வந்தவன் காய்ச்சலென்று வரவில்லை. மறுமுனையை நான் பிடித்தேன். ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்கவில்லை. புருஷனைக் கொன்றவனோடு நிற்கிறாளே என்று சொன்னார்கள்தான். அவன் என் முகத்தைப் பார்த்ததே இல்லை. மரத்தைச் சுற்றிப் பார்ப்பேன், அவனும் சுற்றுவான். வழி வெட்டுவேன், அவனும் வெட்டுவான்.

இரண்டாம் வருஷம் மறுபடி ஒரு மரம் காற்றில் பின்னால் உட்கார்ந்தது. வாள் சிக்கிக்கொண்டது. அவன் கை அதை நோக்கிப் போனதைப் பார்த்தேன்.

"விடுடா!" என்று நான் போட்ட சத்தத்தில் எனக்கே தொண்டை கிழிந்தது.

விட்டான். ஓடினான். மரம் வாளைச் சுருட்டி மண்ணில் புதைத்துக்கொண்டு விழுந்தது. அவன் தரையில் உட்கார்ந்து பிள்ளை மாதிரி அழுதான். "அன்னைக்கும் இப்புடி விட்டிருந்தா அண்ணன் இருந்திருப்பாரு அக்கா" என்றான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கங்காணி வந்து வாளைக் கேட்டுக் கத்தினார். "ஆளு ரெண்டும் இருக்கமுங்க. எண்ணிக்கங்க" என்றேன்.

அதன் பிறகு அவன் விறகைக் கள்ளத்தனமாக வைக்கவில்லை. கதவைத் தட்டி, "அக்கா" என்று கூப்பிட்டுக் கொடுத்தான்.

அத்தை போய்ப் பல வருஷமாயிற்று. நம் மகளை இங்கே பதுளையில் கட்டிக்கொடுத்து நானும் அவளோடு வந்துவிட்டேன். மருமகன் ரயில் பாதைக்கு மலை குடையும் இடத்தில் வேலை. கல்லுக்கு வெடி வைப்பார்கள். தைரியசாலி, யார் சொன்னாலும் கேட்கமாட்டார். மகள் சிரித்துக்கொண்டு, "எல்லாத்துக்கும் பயந்தா எப்புடிம்மா?" என்கிறாள். அந்தப் பயம் அவளுடைய அப்பாவின் சொத்து என்று நான் இன்னும் சொல்லவில்லை.

சாயந்தரமானால் எனக்குக் கை ஓடாது. பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே காது வாசலில் இருக்கும். மருமகன் மேட்டில் ஏறி வருகிற செருப்புச் சத்தம் கேட்கும். கை கால் கழுவி, இலைமுன் உட்கார்ந்து, "பசிக்குது அத்தை" என்பார். அவர் முதல் கவளம் எடுத்து வாயில் வைத்த பிறகுதான், ஒவ்வொரு நாளும், நீங்கள் வராத அந்தச் சாயந்தரம் எனக்கு முடிகிறது.