ஏழாவது தையல்

இன்று காலை மருமகள் ஒரு கடித உறையை ஒட்டுவதற்குக் கோந்து தேடினாள். கோந்துப் புட்டி காய்ந்து கிடந்தது. பானையிலிருந்து நாலு பருக்கைச் சோற்றை எடுத்து, விரலால் நசுக்கி, உறையின் ஓரத்தில் தேய்த்து அமுக்கினாள். "ஒட்டிக்கிச்சு மாமா, கடைக்குப் போறப்ப தபால் பெட்டியில போட்டுடுங்க" என்று என்னிடம் கொடுத்தாள். ஓரத்தில் ஒரு பருக்கை பிதுங்கிக்கொண்டு தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நடந்தவன், அம்பாங்கான் கடைத்தெருவில் தபால் பெட்டியைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி வந்துதான் போட்டேன். வீட்டுக்கு வந்ததும், கூட்டாளி, உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ உயிரோடு இருந்தவரை ஒரு வரி எழுதாதவன், நீ போய்ச் சேர்ந்த பிறகு எழுதுகிறேன். என் துணிச்சல் எப்போதுமே இந்த லட்சணம்தான்.

லாபுப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் வெள்ளைக்கார சர்க்கார் காலத்தில் நம்மை வேலிக்குள் போட்டார்களே, அந்த அவசரகாலத்தைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். காட்டுக்குள் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சோறு போடக் கூடாது என்று, தூரத்து டிவிசன்களில் இருந்த குடும்பங்களையெல்லாம் லாரியில் ஏற்றிவந்து ஒரே லயத்து வீடுகளில் அடைத்தார்கள். சுற்றிலும் இரண்டு ஆள் உயரத்துக்கு முள்கம்பி. வாசல் ஒன்றே ஒன்று. மத்தியானம் வேலை முடிந்து உள்ளே வந்தால் மறுநாள் காலைப் பெரட்டுக்குப் பெயர் கூப்பிடும்போதுதான் வெளியே. உன் அண்ணன் குடும்பத்தோடு நீ எங்கள் வீட்டின் மறுபாதிக்கு வந்தாய். நடுவில் ஒரு சாக்குப் படுதா. நீ தோல் வேலை செய்த குடும்பத்துப் பிள்ளை. வேறு காலமாக இருந்தால் என் அம்மா உன்னை வாசலோடு நிறுத்தியிருப்பாள். வேலிக்குள் அவள் இருமினால் படுதாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீதான் தண்ணீர் நீட்டினாய், அவளும் வாங்கிக் குடித்தாள். ஒரே வயது என்றாலும் முதல் மாதம் என்னை "அண்ணே" என்றாய். இரண்டாம் மாதம் நான் "டேய்" ஆகிவிட்டேன்.

ரோட்டோரத்தில் யாரும் மறைந்திருந்து சுட்டுவிடக் கூடாது என்று காட்டை வெட்டித் தள்ளும் கும்பலில் நாம் இருவரும் இருந்தோம். ஒரு நாள் லாரி பள்ளத்தில் குதித்தபோது யாருடைய பாராங் கத்தியோ பக்கத்தில் இருந்தவனின் தொடையைக் கிழித்துவிட்டது. இனிமேல் உறை இல்லாத கத்தி லாரியில் ஏறக் கூடாது என்றார் துரை. ஆலையில் தேய்ந்துபோய்க் கழித்த இயந்திரப் பெல்ட்டுகளைக் கேட்டு வாங்கிவந்தாய் நீ. மாட்டுத்தோல் பெல்ட், கட்டை போல விறைப்பு, எண்ணெய் நாற்றம் வேறு. கும்பல் முழுக்க இருபது உறை வேண்டும்.

நான் அப்போது கம்பியோரமாக நடந்துகொண்டே இருப்பேன். வாசலில் தொடங்கி வாசலில் முடிப்பேன், மறுபடி தொடங்குவேன். புல் செத்து என் காலுக்கு ஒரு தடமே விழுந்துவிட்டது. மூச்சு முட்டும். யாரையாவது அடிக்க வேண்டும் போல இருக்கும். நீதான் கூப்பிட்டாய்: "எத்தன சுத்துடா சுத்துவ? கால் தேயுறதுக்குக் கை தேயட்டும் லா. வந்து உக்காரு."

வேலை முடிந்ததும் பாராங்குகளை வாசல் கொட்டகையில் போட்டுவிட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அதனால் ரப்பர்க் கட்டையில் பாராங் போலவே ஒன்றைச் செதுக்கி வைத்திருந்தாய். பெல்ட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு, இளகியதும் அந்தக் கட்டைக் கத்தியின் மேல் சுற்றி, காயவிட்டு, குத்தூசியால் துளை போட்டு, மெழுகு பூசிய நூலை இரண்டு ஊசியில் கோத்து எதிரும் புதிருமாகத் தைப்பாய். நான் தைத்த முதல் உறையிலிருந்து லாரி கிளம்பும் முன்பே கத்தி நழுவி என் காலடியில் விழுந்தது. "கத்தி தானா வரக்கூடாது, நாம கேட்டா வரணும்" என்றாய். இரண்டாவதில் தையலையே கத்தி அறுத்துவிட்டது. இரண்டு தோலுக்கும் நடுவே ஓரத்தில் ஒரு ஒல்லித் தோல்பட்டை வைக்க வேண்டும், வெட்டு அதன்மேல்தான் விழும் என்று காட்டிக்கொடுத்தாய். நுனியில் ஒரு சின்ன ஓட்டை விடச் சொன்னாய். "மழத்தண்ணி வெளிய போக வழி வேணும்டா. அடைச்சே வச்சா இரும்புகூடத் துருப்பிடிச்சுப் போவும்." சொல்லிவிட்டு முள்கம்பியைப் பார்த்துச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லாம் ஒருவழியாகக் கைக்கு வந்தது, ஏழாவது தையலைத் தவிர. உறையின் வாயிலிருந்து எண்ணினால் கத்தியின் வயிறு வளைகிற இடம் அது. அங்கே வரும்போது இரண்டு தோலும் வழுக்கி விலகும், தையல் கோணிக்கொள்ளும். நீ முழங்காலிடுக்கில் இறுக்கிப் பிடித்து நேராக இழுத்துவிடுவாய். ஒவ்வொரு உறையையும் கையில் வாங்கியதும் உன் கட்டைவிரல் நேராக அந்த ஏழாவதுக்குத்தான் போகும். "ம்ம். இன்னொண்ணு தை" என்பாய். உன் தையல் எது, என் தையல் எது என்று யாருக்கும் தெரியாத ஒரு நாள் வரவேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்தது. அந்த வேலிக்குள் ஆசைப்படுவதற்கு வேறு என்ன இருந்தது?

"கொஞ்சம் பசை வச்சு ஒட்டிட்டுத் தைச்சா என்ன?" என்று கேட்டேன். "ரப்பர்ப்பால் நல்லா ஒட்டும், உள்ள கொண்டாந்தா கம்பெனிப் பால்னு புடிப்பான். சோறும் ஒட்டும், வெளிய கொண்டுபோனா காட்டுக்காரனுக்குன்னு புடிப்பான். நம்மகிட்ட இருக்கிறது நூலு மட்டுந்தான்" என்றாய்.

கேட்டுக்கொண்டேன். ஆனால் மறுநாள் மத்தியானம் என் தட்டிலிருந்து ஒரு பிடி சோற்றை ஒதுக்கினேன். ஏழு மாதம் சுமந்துகொண்டிருந்த என் மனைவி, "இருக்கறதே அளவுச் சோறு, அத எங்க கொண்டுபோறீங்க?" என்று கேட்டாள். நீ குளிக்கப் போன நேரம் பார்த்து அவசரமாகப் பிசைந்து ஓரத்தில் தடவி ஒட்டினேன். சரியாக மசிக்கக்கூட இல்லை. பசையாகிவிட்ட பிறகு அது சோறா என்ன என்றுதான் நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான் போயிற்று. ஏழாவது தையல் நூல் பிடித்த மாதிரி நின்றது. நீ உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"பசை வச்சியா?"

"இல்ல."

"அப்ப கை வந்துருச்சுடா!" என்று என் முதுகில் ஒன்று வைத்தாய். அந்த அடி இன்னும் அங்கேயே இருக்கிறது.

நாலைந்து நாள் கழித்து நல்ல மழை. உறைகள் எல்லாம் நனைந்து கொட்டகையில் கிடந்தன. மறுநாள் காலை வாசலில் கத்திகளைக் குவித்துப் போட்டார்கள். யாருக்கு எது என்று கிடையாது, கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொள்வோம். காவலுக்கு நின்ற மலாய்க்கார ஸ்பெஷல் கான்ஸ்டபிள் குனிந்தார். இருபது உறையில் ஒன்றின்மேல் மட்டும் எறும்பு வரிசை. நுனியில் நீ விடச்சொன்ன ஓட்டை வழியாகப் போவதும் வருவதுமாக இருந்தது. அவர் நுனித் தையலைக் கீறிப் பிரித்தார். ஊறிப்போன பருக்கைகள் ஐந்தாறு.

"இனி நாசி! சியாப்பா புவாட்?"

"சோறு இருக்கு, யாரு செஞ்சதுன்னு கேக்குறாரு" என்றார் எங்கள் கும்பலை வேலை வாங்கும் மண்டோர். எல்லோருடைய கண்ணும் உன்மேல் திரும்பியது. தோட்டத்தில் உறை என்றால் நீதானே. என் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிறாள், நான் போனால் அவளுக்கு யார் என்று பிற்பாடு எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டேன். அந்த நிமிஷத்தில் அப்படி எதுவும் தோன்றவில்லை. பயம், அவ்வளவுதான்.

நீ முன்னால் போய் அந்த உறையைக் கையில் வாங்கினாய். உன் கட்டைவிரல் ஏழாவது தையலுக்குப் போனது. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. என் பக்கம் நீ திரும்பவே இல்லை.

"என் தையல்தான்" என்றாய்.

அன்றைக்கே உன்னைச் சிரம்பானுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் கழித்து உண்மையைச் சொல்லிவிடுவது என்று தோட்டக் கணக்கு எழுதும் கிராணியின் ஆபீஸ்வரை போனேன். அவர் தலைநிமிர்ந்து "என்னப்பா?" என்றதும், வீட்டில் மண்ணெண்ணெய் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். பல மாதம் உள்ளே வைத்திருந்து, உன்னைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பியதாகச் சொன்னார்கள். நீ பிறந்ததே அந்தத் தோட்டத்தில். அங்கே இறங்கி எந்தப் பக்கம் நடந்தாயோ. உன் அண்ணனிடம் முகவரி இருந்தது. நான் கேட்கவில்லை. போன தைப்பூசத்தன்று கூட்டத்தில் அவரைப் பார்த்தேன். நீ இறந்து ஒரு வருஷம் ஆகிறது என்றார். "உன்னைய ரொம்ப விசாரிச்சு எழுதுவான். உங்கிட்ட சொல்லச் சொல்லுவான், உன் கையி நல்ல கையின்னு" என்றார். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

முள்கம்பியைப் பிரித்துப் பல காலம் ஆகிவிட்டது. எனக்கு மட்டும் அது பிரியவில்லை. அந்தத் தடத்திலேயேதான் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

இப்போதும் உறை தைக்கிறேன். இளநீர் வெட்டுகிறவர்கள், டுரியான் கடைக்காரர்கள் வந்து கேட்பார்கள். பசை தொடுவதில்லை. முழங்காலிடுக்கில் இறுக்கிப் பிடித்தால் ஏழாவது தையல் இப்போது தானாகவே நேராக வருகிறது. வந்ததும் அதைப் பிரித்துவிட்டு, கோணலாகத் தைக்கிறேன், ஒவ்வொரு உறையிலும். கண் உள்ள எவனாவது ஒருவன் விரலை அங்கே வைத்து, "தாத்தா, இது யாரு தைச்சது, இங்க மட்டும் கோணிக்கிட்டு இருக்கு?" என்று கேட்பான்.

"நான்தான்பா தைச்சேன்" என்கிறேன். கேட்கிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.