விறகு ஸ்டவ்வும் இவருடைய சாரமும்

நவ. 8, சனி

காலையிலிருந்து தூறல். எங்கும் ஈரம், அதில் பாதி எங்கள் முன்னறைச் சுவரில். ஹீட்டர் போட்டாலும் அந்த அறை சூடாகாது. போன மாதம் மகள் தர்சி கைக்குழந்தையோடு வந்தபோது பேத்தியின் கோட்டைக் கழட்டவே இல்லை. தேத்தண்ணீரையும் முழுதாகக் குடிக்காமல் எழும்பினாள்.

"அம்மா, கோவிக்காதேங்கோ. இந்தக் குளிருக்குள்ள பிள்ளையை வைச்சிருக்க ஏலாது."

கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு அவள் இங்கே வந்து தங்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம் எனக்கு.

இன்று விறகு ஸ்டவ் பார்க்கப் போனோம். இவர் கடை வாசலிலேயே ஆகப் பெரியதன் முன்னால் நின்றுவிட்டார். கல்யாண மண்டபத்துக்கு அளவானது. கடைக்காரப் பெண் அறையின் அளவைக் கேட்டுவிட்டுச் சின்னதைக் காட்டினாள். பெரியதைச் சின்ன அறையில் வைத்தால் அடக்கி அடக்கித்தான் எரிக்க வேண்டும், கண்ணாடி கரி பிடிக்கும், புகையும் கூடும் என்றாள். இவருடைய முகம் தொங்கிப் போனது.

"வாற ஆக்கள் பார்த்தா என்ன நினைப்பினம்?"

"வீடு சூடாயிருக்கு எண்டு நினைப்பினம்."

சின்னதுதான். கறுப்பு. லண்டனுக்குள் எரிக்க அனுமதியுள்ள வகை.

நவ. 20, வியாழன்

காற்று. சிம்னி துடைத்து, குழாய் இறக்கி, ஸ்டவ்வைப் பொருத்திப் பூட்டி முடிந்தது. ஜன்னல்களை எல்லாம் இறுக்கமாக மாற்றிய வீடு, காற்று உள்ளே வர வழி வேண்டும் என்று பூட்ட வந்தவர் சுவரில் ஒரு ஓட்டையும் போட்டுவிட்டார். சோபாவுக்குப் பின்னால். இவருக்கு வயிறு எரிகிறது.

"சூட்டுக்கு ஒரு அடுப்பு, குளிருக்கு ஒரு ஓட்டை. ஆருக்குப் பைத்தியம்?"

ஸ்டவ்வுக்குப் பக்கத்துத் தட்டில் கார்பன் மொனொக்சைட் அலாரம். மணமில்லாத நச்சுக் காற்றாம், அதை இதுதான் கண்டுபிடிக்குமாம்.

முதல் நெருப்பு. கதிரைகளை இழுத்துப் போட்டு, டிவி பார்ப்பது போல இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். காலுறை இல்லாமல் நான்!

வாங்க: நன்றாகக் காய்ந்த விறகு. நெருப்புக் குச்சி. செத்தல் மிளகாய், மல்லி.

நவ. 29, சனி

வெயில், சரியான குளிர். இரவாகித்தான் எழுத முடிந்தது.

காலையில் தர்சிக்குக் கொடுக்கக் கறித்தூளுக்கு மிளகாய், மல்லி வறுத்தேன். குசினியில் புகை இழுக்கிற ஃபான் முழு வேகத்தில். முன்னறையில் ஸ்டவ் எரிகிறது, பக்கத்தில் இவர் பேப்பரோடு அரைத் தூக்கத்தில். அலாரம் கத்தியது. எங்கள் நடையின் மேலே இருக்கிற புகை அலாரம் தாளித்தாலும் கத்தும், வறுத்தாலும் கத்தும். யார் கணக்கெடுப்பது?

"மிளகாய்க்குக் கத்துது. துவாயால விசுக்குங்கோ."

இவரும் வழக்கம்போல் துவாயோடு நடைக்குப் போய், மேலே பார்த்து விசுக்கினார். பிறகு கை நின்றுவிட்டது.

"இஞ்சாரும், இது கத்தேல்லை. மற்றது!"

ஸ்டவ் பக்கத்து அலாரம். சமையல் அடுப்பை நிறுத்தி, கதவுகளை அகலத் திறந்துவிட்டு, செருப்பும் இல்லாமல் தோட்டத்தில் போய் நின்றோம். எனக்குத் தலையிடி, வறுக்கும்போதே தொடங்கியது. அதுவரை மிளகாய்க் காரம் என்றே நினைத்திருந்தேன்.

ஸ்டவ் பூட்டியவருக்குப் போன். நெருப்பு அணைந்து வீடு காற்றாடும்வரை உள்ளே போகவேண்டாம் என்றார். பின்னேரம் வந்து பார்த்தார். ஃபான் காற்றை இழுத்து வெளியே தள்ளியிருக்கிறது, வேறு காற்று வர வழியில்லாமல் சிம்னிக்குள் போன புகைக்காற்று திரும்ப அறைக்குள் இறங்கியிருக்கிறது. "அதற்குத்தானே வழி போட்டேன்" என்று சோபாவை இழுத்தார். ஓட்டைக்குள் இவர் வீட்டில் இடுப்பில் கட்டுகிற பழைய நீலச் சாரம். உருட்டி, இறுக்கி.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் இருந்த வாடகை அறைகளில் குளிர் வருகிற இடமெல்லாம் சாரமும் சேலையும் வைத்து அடைத்த கை. இன்னும் சும்மா இருக்கவில்லை. திட்ட வாய் வந்தது. ஃபானை முழு வேகத்தில் போட்டது நானாயிற்றே, மூடிக்கொண்டேன்.

நவ. 30, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போய் டொக்டரிடம் காட்டினோம், இருவருக்கும் ஒன்றுமில்லை. அப்பாடா. தூளும் கருகவில்லை.

தர்சிக்குச் சொல்லவேண்டாம் என்று கெஞ்சினேன். சொன்னால் வரவே மாட்டாள். இவர் கேட்கவில்லை.

"பிள்ளை படுக்கப்போற அறை. சொல்லத்தான் வேணும்."

போனை எடுத்து, சாரத்தில் தொடங்கி எல்லாவற்றையும் ஒப்புவித்தார். தர்சி சொன்னது இவ்வளவுதான்: "யோசிச்சுச் சொல்லுறன் அப்பா."

இவர்மேல் பயங்கரக் கோபம். அதைவிட மதிப்பு. இரண்டையும் அவரிடம் சொல்லவில்லை.

டிச. 13, சனி

பனிமூட்டம். புதுச் சட்டம்: வறுக்கிற நாளில் ஸ்டவ் இல்லை. சாரம் குப்பைக்குப் போய்விட்டது, நானே போட்டேன். பூட்டியவர் திரும்ப வந்து எரித்துப் பார்த்து, எல்லாம் சரி என்றார்.

மத்தியானம் தர்சி. சொல்லாமல் வந்தாள். பேத்தி கோட்டும் தொப்பியுமாக. ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. தர்சி வந்து உட்காரவில்லை, நேரே சோபாவுக்குப் பின்னால் போய் ஓட்டையில் உள்ளங்கையை வைத்தாள். இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நல்லாக் குளிருது அப்பா" என்று சிரித்தாள்.

பிறகு பேத்தியின் கோட்டைக் கழட்டி என் கையில் தந்தாள். தொப்பியையும்.