கூட்டிய ஒரு மணி நேரம்

ஸ்லோலி ஸ்டெய்த், நார்ஃபக்
3 செப்டம்பர் 1934

அன்புள்ள தெர்சாவுக்கு, தபால் நிலையத்து மேபல் திர்ட்டில் எழுதுவது. நீயும் குழந்தைகளும் கனடாவில் சுகமாயிருக்க வேண்டுகிறேன். உன் அப்பா ரூபன் உடம்பளவில் நலம். நார்விச் சிறையில் இருக்கிறார். உனக்கு எழுத வேண்டாமென்றார். அவர் பேச்சை மீறுகிறேன்.

ஜூலையில் ஒரு ஞாயிறு மாலை, ஐந்தே முக்காலுக்கு, நண்டுக்கார ஹோரஸ் பன்னை யாரோ படகுத்துறைப் படியிலிருந்து தள்ளிக் கொன்றுவிட்டார்கள். அவர் அலறியதைப் பலர் கேட்டார்கள். முந்தின நாள்தான் உன் அப்பாவுக்கும் அவருக்கும் வாய்ச்சண்டை. அன்று படகு இறக்கியவரும் உன் அப்பா ஒருவர்தான். ஓய்வுநாளில் கடலுக்குப் போனதையே நம் சபையார் பாதிக் கொலையாக எண்ணினார்கள்.

ஐந்தரைக்குத் திரும்பியபோது முகத்துவாரம் வற்றிவிட்டது, ஒன்பது வரை வெளியே நங்கூரமிட்டுக் கிடந்தேன் என்றார் அவர். அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். அறுவடைத் திருநாள் பூசணியைத் திருடியவனைப் பிடித்த பெருமை எனக்குத் தலைக்கேறியிருந்தது. கடல் ஏறி வற்றும் நேரங்களைப் போட்ட ஓத அட்டவணையை எடுத்தேன். ஐந்து மணிக்கு முகத்துவாரம் படகு நுழைய முடியாமல் வற்றும் என்றிருந்தது. கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைக்கிறோம், அதனால் அட்டவணை நேரத்தோடு ஒரு மணி கூட்டிக்கொள்வது நம் வழக்கமல்லவா? கூட்டினேன். ஆறு வந்தது. ஐந்தரைக்குப் படகு உள்ளே வரத் தண்ணீர் இருந்திருக்கிறது, ரூபன் பொய் சொல்கிறார் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். ஊரே என்னை மெச்சியது. மறுநாள் அவரைக் கொண்டுபோனார்கள்.

மூன்று வாரம் கழித்துத்தான் அட்டவணையின் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். இந்த வருஷம் அந்த ஒரு மணியை அச்சடித்தவர்களே கூட்டிப் போட்டிருக்கிறார்கள். உன் அப்பா சொன்னது நிஜம், தெர்சா.

ஓடினேன். இன்ஸ்பெக்டர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "அம்மா, அன்னைக்கு உங்க கணக்கு மட்டும்தான் இருந்துச்சு. இப்ப கண்ணால பார்த்தவங்க ரெண்டு பேர் இருக்காங்க" என்றார். மளிகைக்கடை டக்கரும் அவர் மனைவியும் உன் அப்பாவைப் படியில் பார்த்தார்களாம். நான் வாயைத் திறக்கும்வரை அவர்கள் எதையும் பார்த்திருக்கவில்லை. வீடு வீடாய்ப் போய்ச் சொல்கிறேன். கிழவிக்கு மனசு இளகிவிட்டது என்று தேநீர் கொடுத்து அனுப்புகிறார்கள். கொட்டிய சொல்லை அள்ள முடியவில்லை.

சிறைக்குப் போனேன். உன் அப்பா கோபிக்கவில்லை. "அட்டவணைய கேட்டீங்க. என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே மேபல்" என்றார்.

அக்டோபர் இருபத்திரண்டில் விசாரணை. தீர்ப்பு என்னவாகும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கப்பல் சீட்டு இதனுள் வைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. என்னை நீ பார்க்கவும் வேண்டாம். அவர் பொய் சொல்லாதவர் என்று சொல்ல இந்த ஊரில் நான் ஒருத்திதான் இருக்கிறேன், என்னை யாரும் நம்புவதில்லை. கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். சீக்கிரம் வா, மகளே.

இப்படிக்கு,
மேபல் திர்ட்டில்