வேட்டி கட்டிய குழாய்

வால்தம்ஸ்டோ, லண்டன்,
10.11.1991

அன்புள்ள மகள் கலாவதிக்கு,

இங்கு நானும் அம்மாவும் சுகம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். மெல்பேர்னில் நீ வெயிலுக்குத் தொப்பி போடத் தொடங்கியிருப்பாய், நான் வீட்டுக்குள்ளேயே தொப்பி போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். உன் கடிதம் கிடைத்தது. மார்கழியில் லீவு கிடைக்குமோ தெரியாது என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, மிச்சம் இரண்டு பக்கமும் உங்கள் ஆஸ்பத்திரிப் பூனையைப் பற்றி எழுதியிருக்கிறாய். நீ வராமல் மூன்று மார்கழி போய்விட்டது பிள்ளை. அம்மா அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறார், பூனையைக் கவனிக்கவேயில்லை.

போன வருடம் பின்வளவுக் குழாய் உறைந்து வெடித்ததை எழுதினேன் அல்லவா, அந்த அவமானம் இனி வேண்டாம் என்று இம்முறை குளிருக்கு முன்பே எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணிவிட்டேன். ஏணி வைத்துக் கூரைத் தண்ணீர் ஓடும் பீலியில் அடைத்திருந்த சருகை வழித்தேன். கதவிடுக்குகளுக்கு அம்மாவின் பழைய சேலைகளைச் சுருட்டி வைத்தேன், பழையது என்று நான் நினைத்ததில் ஒன்று புதியதாம், அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. டாலியாக் கிழங்குகளைக் கிண்டித் தாளில் சுற்றிப் படிக்குக் கீழே வைத்தால், அம்மா இராசவள்ளிக் கிழங்கு என்று நினைத்துப் பாதியைத் தோல் சீவிவிட்டார், அடுத்த கோடையில் பாதிப் பூக்கள்தான். கறிவேப்பிலைக் கன்று உன் அறையில் ஹீட்டரோடு இருக்கிறது. எங்கள் அறையில் ஹீட்டர் இல்லை.

கடைசியாகக் குழாய். உன் பழைய பள்ளிக்கூட நீலக் கோட்டை அதற்கு இறுக்கிச் சுற்றி, பார்க்க அலங்கோலமாக இருக்கிறதென்று அம்மா சொன்னதால் மேலே என் பழைய பட்டுக்கரை வேட்டியைக் கட்டிவிட்டேன். சுவரோரம் முழங்கால் உயரத்தில் பானை வயிறும், முன்னால் தொங்குகிற குழாய் மூக்குமாக அது என்ன வடிவத்தில் வந்தது என்பதை நான் கவனிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்கு ஊரிலிருந்து மகனிடம் வந்திருக்கும் கனகாம்பிகை அக்கா கவனித்துவிட்டார். மறுநாள் காலை வேலிப் பலகை கழன்ற பொட்டுக்குள்ளால் வந்து, செருப்பைக் கழற்றி, என் கடைசிச் செவ்வந்தியைப் பிடுங்கி அதன் தலையில் வைத்து, காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போடுகிறார். நான் ஓடிப்போய் உண்மையைச் சொல்லப் பார்த்தேன், அம்மா என் கையைப் பிடித்து, பேசாமல் இருங்கோ, மனிசிக்கு முழங்கால் நோவாம், கும்பிட்டிட்டுப் போகட்டும் என்றார். ஒரு கிழமையில் நோ குறைந்துவிட்டதாம். தினமும் இருபத்தொரு தரம் குந்தி எழும்பினால் குறையாமல் என்ன செய்யும். அறுகம்புல் என்று சொல்லிப் புல்லையும் பிடுங்குவதால் எனக்குப் புல் வெட்டும் வேலை மிச்சம். முன்வீட்டுக் கஸ்பர், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர், அவரும் ஏணி இரவல் வாங்கப் பின்வளவுக்கு வந்தால் அந்த இடத்தைக் கடக்கும்போது தொப்பியைக் கழற்றுகிறார். ஏன் என்று கேட்டதற்கு, எதுக்கும் இருக்கட்டும் அண்ணை என்றார்.

பிறகுதான் எனக்கு நினைவு வந்தது, குழாய்க்குள் நின்ற தண்ணீரை நான் வெளியேற்றவே இல்லை. கோட்டுக் கட்டியும் வெடிக்கப் போகிறதே என்று வியாழன் காலை குசினிக்குள் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே வால்வைப் பூட்டிவிட்டு, வெளியே போய் வேட்டிக்குள் கைவிட்டுக் குழாயைத் திறந்தேன். தும்பிக்கையால் தண்ணீர் வரவும் அக்கா பொட்டுக்குள்ளால் வரவும் சரியாக இருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு செம்பில் ஏந்திவிட்டார். பாதியை அம்மாவிடம் கொடுக்க, குழாய்த் தண்ணீர் என்று தெரிந்தும் அம்மா இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்.

இதைக் கேட்டு நீ சிரிப்பாய், நானும் சிரித்தேன். ஆனால் நேற்று அம்மா சமையலில் இருந்த நேரம் பார்த்துச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதற்கு முன்னால் நின்றேன் பிள்ளை. நானே சுற்றிய கோட்டு, நானே போட்ட முடிச்சு, எல்லாம் தெரியும். இருந்தும் உனக்கு லீவு கிடைக்க வேண்டும் என்று கேட்டுத் தோப்புக்கரணம் போட்டேன். மூன்றாவதில் எழும்ப முடியாமல் குந்தியிருக்க, அம்மா யன்னலால் எட்டிப் பார்த்து, என்ன செய்யிறியள் என்று கேட்டார். குழாய் ஒழுகுதோ எண்டு பாக்கிறன் என்றேன். அம்மா சிரிக்கவில்லை. நான் காலமையே கும்பிட்டுக் கேட்டிட்டன், நீங்கள் எழும்புங்கோ என்று வந்து கை கொடுத்தார்.

நேரத்துக்குச் சாப்பிடு, அந்தப் பூனையைத் தொட்டால் கை கழுவு. எந்தக் குறையும் உன்னை அணுகாமல் நீ நிறைவாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும், கனகாம்பிகை அக்காவும்கூட, வாழ்த்துகிறோம். லீவு கிடைத்த உடனே அறிவி, கறிவேப்பிலையை அறை மாற்ற வேண்டும். வரும்போது ஒரு கோட்டு வாங்கிக்கொண்டு வா. உன் பழைய கோட்டை இப்போது போய்த் திருப்பிக் கேட்க முடியாது.

உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
ஸ்ரீஸ்கந்தராஜா