செந்தாமரையின் சாம்பார் முன்னேறவில்லை

ஜூன் 16

பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகிறது, இன்றைக்குத்தான் துவரம்பருப்பு வந்து சேர்ந்தது. பெயருக்குத்தான் சத்துணவு அமைப்பாளர். பாதி நாள் மூட்டை எங்கே என்று போன் போடுவதுதான் என் உத்தியோகம்.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் ஒரு மூட்டை. என் வீட்டுக்காரர் அறிவுச்செல்வன் எழுதிய ஆங்கில வினைச்சொல் புத்தகம் தஞ்சாவூரிலிருந்து அச்சாகி வந்திருந்தது. தனியார் பள்ளியில் ஆங்கில வாத்தியார், காலையில் வாசல் கொட்டகையில் டியூஷன் வாத்தியார், இன்று முதல் நூலாசிரியர். சொல், அதன் பொருள், ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. இதை மனப்பாடம் செய்துவிட்டால் ஒரத்தநாட்டுப் பிள்ளைகள் நேரே லண்டனுக்கு பஸ் ஏறிவிடலாம் என்பது போலப் பேசினார். புத்தகத்துக்குப் பொட்டு வைத்து, பூவும் வைத்தார். எனக்கு அவர் கடைசியாகப் பூ வாங்கி வந்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

ஜூன் 18

இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். கொட்டகையில் பிள்ளைகள் வழக்கம்போலத் தொண்டை கிழியப் படித்துக்கொண்டிருந்தார்கள். நடுவே என் பேர் காதில் விழுந்தது.

"இம்ப்ரூவ்! இம்ப்ரூவ் என்றால் மேம்படு, முன்னேறு! செந்தாமரைஸ் சாம்பார் டஸ் நாட் இம்ப்ரூவ்! செந்தாமரையின் சாம்பார் முன்னேறவில்லை!"

ஒரு தடவையா? மண்டையில் ஏறும்வரை விடக்கூடாது என்பது அவருடைய முறை. கரண்டியோடு நின்று முழுக்கக் கேட்டேன். பிறகு புத்தகத்தைப் புரட்டினேன். வருவதற்கு ராமு, போவதற்கு ராதா, தின்பதற்கு யாரோ ஒரு கோபு. இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் கட்டிய பெண்டாட்டி!

ஜூன் 19

கேட்டேவிட்டேன்.

"அது எக்ஸாம்பிள் தாமரை. எக்ஸாம்பிளுக்கெல்லாம் யாராவது கோவப்படுவாங்களா?"

"அப்ப உங்க பேரைப் போட்டிருக்க வேண்டியதுதானே?"

"என் பேருதான் அட்டையில இருக்கே."

கல்யாணமான நாளிலிருந்து சாம்பாரைப் பிசைந்து பிசைந்து சாப்பிட்டு, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிய மனிதர். ஒரு நாளாவது முகம் சுளித்ததுண்டா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அச்சாபீஸ்காரன்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி பொண்டாட்டிக்கிட்ட சொல்லணும்னு தோணாதா? — அழுகை வந்துவிட்டது. சாம்பாருக்காக அழுதவள் இந்தத் தாலுகாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜூன் 20

இன்று முதல் இந்த வீட்டில் சாம்பார் கிடையாது. ரசம். நாளைக்கும் ரசம்.

ஜூன் 24

இந்தப் பாழாய்ப்போன சொல்லை யார் யார் எங்கே சொல்கிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு திரிகிறேன். மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டர் தினமும் "நல்லா இம்ப்ரூவ் ஆகிறாரு" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த வாரமே அவரை ஆம்புலன்சில் வீட்டுக்குக் கொண்டுவந்து மாலை போட்டோம். நாத்தனார் ஜெயபாரதியின் மகளுக்கு ரேங்க் கார்டில் கணக்கு இம்ப்ரூவ் ஆக வேண்டுமாம். அந்தக் குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க இரண்டு வருஷமாக ஆளே போடவில்லை. விதைக் கடையில் போன வருஷத்து நெல்லையே புதுப் பையில் போட்டு இம்ப்ரூவ்டு ரகம் என்கிறான்.

ஒன்று மட்டும் புரிகிறது. இதைச் சொல்கிறவர் யாரும் தன்னை வைத்துச் சொல்வதில்லை, எதிரே இருப்பவரைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். "நான்தான் முன்னேற வேண்டும்" என்று ஒருவர் வாயிலிருந்தும் கேட்டதில்லை. அவருடைய புத்தகத்திலும் தேடிப் பார்த்தேன், இல்லை.

ஜூலை 3

வந்தது வினை.

இன்று பள்ளியில் சாம்பார் சாதம், முட்டை. வட்டார அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் பார்வையிட வந்துவிட்டார். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். எங்கள் டியூஷனில் படிக்கும் செம்மொழிக்கு என்னைப் பார்த்ததும் பாடம் ஞாபகம் வந்துவிட்டது போல. சும்மா முணுமுணுக்க ஆரம்பித்தாள். அடுத்தவன் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் மொத்த வரிசையும் தட்டைத் தட்டிக்கொண்டு பாடியது. செந்தாமரைஸ் சாம்பார் டஸ் நாட் இம்ப்ரூவ்!

"யாரு செந்தாமரை?" என்றார் அதிகாரி.

"நான்தான் சார்."

"பிள்ளைங்க இங்கிலீஷ்ல புகார் சொல்ற அளவுக்கா சாம்பார் வைக்கிறீங்க?"

சமையலர் ரெத்தினம் அக்கா கரண்டியை டொங்கென்று போட்டார். "வெந்து சாகறது நான், பேரு மட்டும் இவங்களுக்கா?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார்.

அதிகாரி ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நாளைக்கு ஆபீசுக்கு வந்து விளக்கம் சொல்லுங்க. இல்லன்னா வேற ஊருக்கு மாத்தறத பத்தி எழுத வேண்டியிருக்கும்."

பயமாக இருக்கிறது. யார் காலிலும் விழாமல் வாங்கிய வேலை இது. ஒரு எக்ஸாம்பிளுக்குப் பலி கொடுக்கவா?

ஜூலை 4

நூலாசிரியரையும் நூலையும் இழுத்துக்கொண்டு போனேன். அதிகாரி அந்தப் பக்கத்தைப் படித்தார், உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"சார், நீங்க எழுதினது உண்மையா, பொய்யா?"

"எடுத்துக்காட்டு சார்."

"அது தெரியுது. உண்மையா, பொய்யா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"பொய் சார்."

"அப்ப அதைப் போயி பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்காதீங்க" என்று எங்களை அனுப்பிவிட்டார். வேலை தப்பித்தது.

திரும்பும்போது புது ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். "அங்க சொன்னது பொய்யா, புத்தகத்துல எழுதினது பொய்யா?"

தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அங்க சொன்னதுதான் பொய். பருப்பு வேகறதுக்குள்ள புளிய ஊத்திடுற தாமரை. முன்னாடியே சொல்லியிருப்பேன், நீ வருத்தப்படுவியேன்னு விட்டுட்டேன்."

"அதுக்காக ஊருக்கே சொன்னீங்களாக்கும்?"

"அன்னிக்கு அந்தப் பக்கத்துக்கு வாக்கியமே கிடைக்கல. மத்தியானம் சாப்பிட்டுட்டு அப்பதான் உக்காந்தேன்..."

ஆற்றில் தண்ணீர் நிறையப் போனது. தள்ளிவிட்டால் யாருக்கும் தெரியாது என்றுகூட நினைத்தேன். டியூஷன் பிள்ளைகளை நினைத்து விட்டுவிட்டேன்.

ஜூலை 7

கொட்டகையில் நின்று அந்த வாக்கியத்தைப் புத்தகத்தில் அடித்துவிடும்படி பிள்ளைகளிடம் சொன்னார்.

"அப்ப பரிட்சையில என்ன சார் எழுதறது?"

சார் முழித்தார். பிள்ளைகள் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நான் வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அவரே சொன்னார், பிள்ளைகள் கூரை பறக்கக் கத்தினார்கள்: "அறிவுச்செல்வன் மஸ்ட் இம்ப்ரூவ்! அறிவுச்செல்வன் முன்னேற வேண்டும்!"

கேட்க இனிப்பாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் இதுவும் தெருவுக்குச் சொன்னதுதானே? எனக்குச் சொன்னதில்லையே.

ஜூலை 13

ஞாயிற்றுக்கிழமை. ரசம் எனக்கே அலுத்துவிட்டது. முருங்கைக்காய் சாம்பார் வைத்தேன். பருப்பு குழைந்த பிறகுதான் புளி விட்டேன்.

முதல் வாய் உள்ளே போனது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

"தாமரை."

"ம்?"

"உப்பு கொஞ்சம் தூக்கல்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார், கரண்டி பறந்து வரும் என்று எதிர்பார்த்தவர் போல. நானும் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். தூக்கல்தான். "ஆமாங்க" என்று வெந்நீர் எடுத்து ஊற்றினேன். நெஞ்சுக்குள் என்னவோ லேசாக இருந்தது.

"நானும் ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லு."

"மீசைக்குச் சாயம் போடாதீங்க. பாக்கச் சகிக்கல. ரொம்ப வருஷமா."

சாம்பார்க் கையாலேயே மீசையைத் தொட்டுப் பார்த்தார். "அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"அவ்வளவு மோசம்."

பிறகு, "வேற என்னென்ன இருக்கு?" என்றார். உங்களுக்கும் இருக்குமே, நீங்களும் சொல்லுங்க என்றேன். சாப்பிட்ட கை காய்ந்து ஒட்டும்வரை, எழுந்து கழுவக்கூடத் தோன்றாமல், இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தோம்.