இருபத்தாறாவது நிமிடத்துக் கடிதம்

14 ஜூலை 2025, திங்கள். காலை 6.40

மழை. மெல்பர்னில் ஆறு டிகிரி. விசா மிச்சம்: 23 நாள். பார்க்க வேண்டிய எபிசோட்: 24. இதுவரை சிரித்தது: 0.

காரணத்தை எழுதி வைக்கிறேன். பின்னால் படிக்கும்போது எனக்கே பைத்தியம் என்று தோன்றக் கூடாது.

வேலை போனது பிப்ரவரியில். ஆகஸ்ட் 6-க்குள் வேறொரு நிறுவனம் ஸ்பான்சர் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓசூர். ஐந்து நேர்முகம் முடிந்தது. ஐந்திலும் தொழில்நுட்பக் கேள்விகள் எல்லாம் சரி. ஐந்திலும் ஒரே பதில்: டீமோடு ஒட்ட மாட்டீர்கள் என்று தோன்றுகிறது. கன்வேயர் பெல்ட்டுக்குக் கட்டுப்பாட்டு நிரல் எழுதுபவன் நான். பெல்ட்டோடு நன்றாகவே ஒட்டுகிறேன்.

ஆறாவது நேர்முகம் 24-ஆம் தேதி, டாண்டினாங் பக்கம் ஒரு சின்ன நிறுவனம். அவர்கள் வலைத்தளத்தை நோண்டினேன். கூட்ட அறைகளுக்கு ஒரு பழைய பிரிட்டிஷ் காமெடித் தொடரின் கதாபாத்திரங்களின் பெயர். ஊழியர்கள் படத்துக்குக் கீழேயும் அதே தொடரின் வசனம். வேலை பிடித்துத் தரும் ஏஜென்ட் பெண் போனில் கேட்டாள், "அங்க எல்லாருக்கும் அந்த ஷோன்னா உயிர். பார்த்திருக்கீங்களா?"

"நிறைய தடவை."

பொய். பிரிட்டிஷ் காமெடி எதுவுமே பார்த்ததில்லை.

ஆகவே பாடத்திட்டம். பிளஸ் டூ வேதியியலை எப்படி முடித்தேனோ அப்படி. வெரிபீ பழைய சாமான் கடையில் டிவிடி பெட்டி கிடைத்தது. நான்கு தட்டு, தட்டுக்கு ஆறு எபிசோட். ஸ்ப்ரெட்ஷீட் திறந்தாயிற்று. பத்திகள்: கதை, வசனம், சிரிப்பு எத்தனை, முக்கிய வினா.

கடைசி எபிசோடை முதலில் பார்த்தேன். இயந்திரம் எதைத் துப்புகிறது என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும்.

மாலை. மனைவி நித்யா போன். ஏழு மாதக் கர்ப்பம். பிரசவத்துக்கு ஏப்ரலிலேயே அம்மா வீட்டுக்குப் போனவள். வேலை போனதைச் சொல்லவில்லை. அவள் கிளம்புவதற்குள் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். தினமும் ஐந்தரைக்கு ஆபீஸ் சட்டை, தலை வாரல், வீடியோ.

"என்னங்க, பொண்ணு பார்க்க வந்த மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

"மீட்டிங் இருந்துச்சு."

"எங்க பேட்ஜைக் காணோம்?"

பேட்ஜை மறந்துவிட்டேன். நாளையிலிருந்து பழைய பேட்ஜை மாட்ட வேண்டும்.

16 ஜூலை, புதன். காலை 10.15. மிச்சம் 21

காற்று. எதிர்வீட்டுக் குப்பைத் தொட்டி எங்கள் வாசலில். இந்த ட்ருகனினா புறநகரில் எல்லா வீடும் ஒரே வீடு, தொட்டிக்குக்கூட வித்தியாசம் தெரியவில்லை.

எபி. 1 முதல் 7 வரை முடிந்தது. சிரிப்பு 0. (பின்னணியில் சிரிப்பவர்கள்: சராசரி 20 நொடிக்கு ஒரு முறை. எதற்கு என்று அவர்களையே கேட்க வேண்டும்.)

கதை: இங்கிலாந்தில் ஒரு சின்ன ரயில் நிலையம். அதில் தொலைந்த பொருள் அலுவலகம். பார்டன் என்று ஒரு குமாஸ்தா. ஒவ்வொரு வாரமும் லண்டன் தலைமை அலுவலகத்துக்கு மாற்றல் கேட்டு மனுப் போடுவான். நடுவில் குளறுபடி: யாரோ விட்டுப்போன ஆடு, செயற்கைப் பல், சவப்பெட்டி. சரியாக 26-ஆவது நிமிடம் தபால்காரன் மணியடிப்பான். பார்டன் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாருவான். கடிதத்தைப் பிரிப்பான். 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. எனினும்'. அவ்வளவுதான். "சரி, டீக்குத் தண்ணி வைக்கட்டா?" என்பான். முடிந்தது. அடுத்த வாரம் முதலிலிருந்து.

ஐம்பது வருடமாக இதைப் பார்க்கிறார்கள். இன்னும் டிவிடி விற்கிறது. ஏன்?

கருதுகோள் 1: பின்னணிச் சிரிப்பு எங்கே சிரிக்க வேண்டும் என்று சொல்லித்தருகிறது. பழகிப்போகிறது.

கருதுகோள் 2: எதுவும் மாறாது என்ற உத்தரவாதம். எல்லாம் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். தவறாமல் ரீசெட் ஆகும் இயந்திரம். எனக்கும் அப்படி ஒன்று இருந்தால் தேவலை.

கருதுகோள் 3: வெள்ளைக்காரனுக்கு வேறு வேலை இல்லை.

பகல் ஒன்றரை. ஜெயன் வேலையிலிருந்து வந்தான். வீட்டைப் பகிர்ந்துகொள்பவன். யாழ்ப்பாணம், வயது 33, பக்கத்துக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். பத்தொன்பது வயதில் அகதியாகப் படகில் வந்தவன். இன்னமும் தற்காலிக விசா, புதுப்பித்துப் புதுப்பித்து. பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை, டிவியைப் பார்த்து நின்றுவிட்டான்.

"இது எங்கயடா எடுத்தனீ?"

"உனக்குத் தெரியுமா இது?"

"தெரியுமோவோ? தள்ளி இரு."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். பார்டன் வாயைத் திறக்குமுன் இவன் வசனத்தைச் சொல்கிறான், அதே ராகத்தில். வில்லாவுட் தடுப்பு முகாமில் இரண்டரை வருடம் இருந்தானாம். பொது அறையில் ஒரு டிவி, இந்தப் பெட்டி ஒன்று. இங்கிலீஷே இதில்தான் படித்தானாம். ஃபோர்மனிடம் இவன் ஏன் எழுபதுகளின் கிழவன் மாதிரி பேசுகிறான் என்று இப்போது விளங்குகிறது.

26-ஆவது நிமிடம். சீப்பு. ஜெயன் நாற்காலியிலிருந்து சரிந்தேவிட்டான். கண்ணில் தண்ணீர்.

"இதுல என்ன இருக்கு சிரிக்க? வராதுன்னு அவனுக்கே தெரியும்ல?"

"அதுதானே மச்சான். தெரிஞ்சும் சீப்பெடுத்துத் தலை இழுக்கிறான் பார்."

"அதான் கேக்கறேன், அது முட்டாள்தனம்தானே?"

"முகாமில விசா முடிவுக்கு ஸ்பீக்கரில பேர் கூப்பிட்டா நாங்களும் உடனே தலை இழுப்பம். பகிடிக்கு, சிரிக்க. சீப்பு இல்லாதவன் கையால. கேஸ் ஒபிசர் மனுசிக்கு ஒண்டும் விளங்காது, எல்லாரும் ஏன் இவ்வளவு வடிவா வாறாங்கள் எண்டு."

முக்கிய வினா பத்தியில் 'சீப்பு' சேர்த்தேன்.

19 ஜூலை, சனி. மாலை 4. மிச்சம் 18

ஒரு தவறு செய்துவிட்டேன். வரிசையாக எழுதுகிறேன்.

மத்தியானம் சமையலறையில் ஜெயன் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தான், கூடவே சம்பல். நான் எபி. 18-ஐ முடித்துவிட்டு நான்காவது தட்டைப் போடப் போனேன். "அதைப் போடாத" என்றான். ஏன் என்றேன். ரொட்டியைத் திருப்பிக்கொண்டே கேட்டான், "கடைசியில அவன் லண்டனுக்குப் போயிருப்பான், என்ன?"

"இல்லையே. 24-ஐ முதல் நாளே பார்த்துட்டேன். அதுலயும் ரிஜெக்ட்தான். அதோட தொடரையே நிறுத்திட்டாங்க."

அவன் திரும்பவில்லை. ரொட்டி கருகும் வாசனை. நான்தான் அடுப்பை அணைத்தேன்.

"அங்க நாலாவது தட்டு இல்லை. ஆரோ உடைச்சுப்போட்டாங்கள். பதினெட்டோட நிண்டது."

"வெளிய வந்த பிறகு பார்த்திருக்கலாமே?"

"பாக்கேல்ல. அவன் லண்டனுக்குப் போயிட்டான் எண்டு மனசில வச்சிருந்தனான்."

கையைக் கழுவினான். ஜாக்கெட்டை எடுத்தான். எப்போதும் 'போயிட்டு வாறன்' என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவான். சொல்லவில்லை.

பத்து வருடத்துக்கு மேல் ஒருவன் மூடியே வைத்திருந்த பெட்டியை நான் ஒரு வாக்கியத்தில் திறந்து காட்டினேன். கேட்டதற்குத்தான் சொன்னேன். கேட்ட விதத்தைக் கேட்டிருக்க வேண்டும். டீமோடு ஒட்ட மாட்டேன் என்று ஐந்து நிறுவனங்கள் சொன்னது இதைத்தானோ?

நித்யாவிடம் இன்று மூன்று நிமிடம். தலைவலி என்றேன். இது மட்டும் உண்மை.

21 ஜூலை, திங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன். மிச்சம் 16

குளிர். இரண்டு நாளாக ஜெயன் பேசவில்லை. கோபமும் தெரியவில்லை. அது இன்னும் மோசம்.

எபி. 23 வரை பார்த்தாயிற்று. சிரிப்பு 0. வசனம் எல்லாம் மனப்பாடம். டீத் தண்ணி வசனத்துக்குத் தலைமை எழுத்தர் அம்மாள் சொல்லும் பதில்: "கெட்டில் தொலைந்துபோயிற்று, பார்டன். பதிவேட்டில் எழுதுங்கள்." எபி. 9. கண்ணாடி முன் ஏழு தடவை சொல்லிப் பார்த்தேன். ஏழாவது தடவை பயமாக இருந்தது. விசா முடியப்போகிறது, பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை, இவன் கண்ணாடியைப் பார்த்துக் கெட்டில் என்கிறான்.

நித்யா: "தொட்டில் அங்கயே வாங்கிடலாமா, இல்ல இங்கிருந்து கொண்டு வரவா?"

"பார்க்கலாம்."

"எதைக் கேட்டாலும் பார்க்கலாம். என்னத்ததான் பார்க்கறீங்களோ."

24 ஜூலை, வியாழன். மாலை 6. மிச்சம் 13

நேர்முகம் இரண்டரைக்கு. வாசலில் ஜெயன் காரோடு நிற்கிறான். வேலையிலிருந்து சீக்கிரம் கிளம்பி வந்திருக்கிறான்.

"ஏறு. ரயிலை நம்பினாய் எண்டா நாளைக்குத்தான் போய்ச் சேருவாய்."

வெஸ்ட் கேட் பாலத்தில் கேட்டான், "இருபத்துநாலில கடிதம் வரேக்க தலை இழுத்தவனோ?"

"இழுத்தான். வழக்கத்தை விட ரெண்டு தடவை கூட."

"ம்." பாலம் முடிந்தது. "அப்ப சரி."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ரேடியோவைப் போட்டுவிட்டான்.

நிறுவனத்தில் இரண்டு பேர். மேலாளர் கிரேக், ஐம்பது இருக்கும். சின்னப் பெண் ஒருத்தி, பொறியாளர். அறையின் பெயர் 'பார்டன்'. தொழில்நுட்பம் முழுவதும் சரி. அவர்கள் வரைபடத்தில் ஒரு சென்சார் தப்பான இடத்தில் இருந்தது, காட்டினேன். அந்தப் பெண் குறித்துக்கொண்டாள். புரொஜெக்டர் நின்றுபோனது. கிரேக் பெருமூச்சு விட்டு, "சரி, டீக்குத் தண்ணி வைக்கட்டா?"

பத்து நாள் உழைத்தது இதற்குத்தான். "கெட்டில் தொலைந்துபோயிற்று, பார்டன். பதிவேட்டில் எழுதுங்கள்."

கிரேக் அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"என்ன கெட்டில்?" என்றார் கிரேக்.

அறைகளுக்குப் பெயர் வைத்தது, படங்களுக்குக் கீழே வசனம் போட்டது எல்லாம் கம்பெனியைத் தொடங்கிய பெரியவராம். போன வருடம் ஓய்வு பெற்றுவிட்டார். "எங்கப்பா பார்ப்பார். எனக்குப் பாதியிலயே தூக்கம் வந்துடும்." அந்தப் பெண்: "பார்டன்னா கான்பராவுல ஒரு இடம்னு நினைச்சேன்."

"உங்களுக்கு ரொம்பப் பிடிக்குமோ?"

"பிடிக்காது. பத்து நாள்ல எல்லாத்தையும் பார்த்தேன், இந்த வேலைக்காக. ஒரு தடவைகூடச் சிரிப்பு வரலை. ஸ்ப்ரெட்ஷீட் இருக்கு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நிஜமாக. கிரேக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒன்பது நொடி. முந்தைய ஐந்து நேர்முகத்தில் என்னை வைத்து யாரும் சிரித்ததில்லை.

பிறகு கேட்டார், "விசாவுல எவ்வளவு நாள் இருக்கு?"

"பதிமூணு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். கை குலுக்கல் நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுதான் பயமாக இருக்கிறது.

கார் நிறுத்துமிடத்தில் ஜெயன்: "சிரிச்சவங்களோ?"

"சிரிச்சாங்க."

"நீ?"

28 ஜூலை, திங்கள். பகல் 3.10. மிச்சம் 9

வெயில், ஆனால் சூடு இல்லை. மின்னஞ்சல் வந்தது.

ஜெயன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தியை வைத்தான்.

"நன்றி எண்டு துவங்குதோ?"

"ஆமா. ஆர்வத்துக்கு நன்றியாம்."

"எனினும்?"

"ரெண்டாவது வரி."

இவ்வளவு குறைந்த நாளில் ஸ்பான்சர் செய்ய முடியாதாம். உங்களோடு பேசியது மிகவும் மகிழ்ச்சியாக இருந்ததாம். அதைப் படிக்கும்போதே என் கை தலைக்குப் போயிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. முடியைக் கோதிவிட்டுக்கொண்டு நிற்கிறேன். ஜெயன் அதைப் பார்த்தான். நானும் பார்த்தேன், அடுப்புக் கண்ணாடிக் கதவில்.

முதலில் அவன். பிறகு நான். சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நிறுத்த முடியவில்லை. நடுவில் ஒரு கட்டத்தில் அது அழுகையாக மாறியது, எந்த நொடியில் என்று சொல்லத் தெரியவில்லை. ஜெயன் கெட்டிலில் தண்ணீர் பிடித்தான்.

கருதுகோள் மூன்றும் தப்பு. புதிதாக எழுதவில்லை. இதற்குப் பத்தி கிடையாது.

எபி. 24-ஐ இன்று சாயங்காலம் போடச் சொன்னான். கூட உட்கார வேண்டுமாம். அதற்கு முன் ஐந்தரை வரும். நாளை நித்யாவுக்கு ஸ்கேன். வேலை போனதை ஸ்கேன் முடிந்தபின் சொல்லலாம் என்று தோன்றுகிறது. இதேதான் ஏப்ரலில், அவளுக்கு டிக்கெட் போட்ட அன்றும் தோன்றியது.

செய்ய வேண்டியது:

1. ஏஜென்ட் பெண்ணுக்கு போன். ஒன்பது நாளில் ஏதாவது உண்டா? உண்டு, இல்லை, ஒரு சொல் போதும்.
2. விசா வக்கீலிடம் நேரம் கேட்க.
3. டிக்கெட். மெல்பர்ன்–பெங்களூரு, ஆகஸ்ட் 5. பார்த்து மட்டும் வைக்க.
4. ஸ்ப்ரெட்ஷீட்டில் 25-ஆவது வரிசை: இடம் ட்ருகனினா, கடிதம் வந்தது, சிரிப்பு 2.
5. ஜெயனிடம் சனிக்கிழமைக்கு மன்னிப்பு. ரேடியோவை அணைத்துவிட்டு.
6. பேட்ஜைக் குப்பையில் போட.
7. ஐந்தரைக்கு நித்யா. சட்டை மாற்றக் கூடாது. தலை வாரக் கூடாது.