கூண்டுக்குள் என் கறிவேப்பிலைச் செடி

சபரி,

கூண்டுக்குப் பக்கத்துல சோபாலயே தூங்கிட்ட, எழுப்பல. பிரின்ஸ்டன் ஜங்ஷன்ல ஏழே முக்கால் ட்ரெயினைப் பிடிக்கணும். ரசம் அடுப்பு மேல, கார் சாவி ஷூ ரேக் மேல. பச்சோந்திக்கு டாக்டர் அப்பாயின்ட்மென்ட் பதினோரு மணிக்கு. உனக்கு ஞாபகப்படுத்தவே வேண்டாம். அது கண்ணு வீங்கித் திறக்கலைன்னதும் லீவு போட்டவன் நீ. எனக்குப் பதினஞ்சு நாளா இருமல், ஒரு வார்த்தை கேட்டியா?

வாங்கிப் பத்து நாள் ஆகல, அதுக்குள்ள அது 'செல்லம்'. என்னை அப்படிக் கூப்பிட்டு எவ்வளவு நாளாச்சு? மூணு விண்டர் நான் பொத்திப் பொத்தி வளர்த்த கறிவேப்பிலைச் செடியை, என்னைக் கேக்காமலே அது கூண்டுக்குள்ள வெச்சுட்ட. கிண்ணத்துல குடிக்காதாம், இலைல நிக்கற தண்ணியைத்தான் நக்குமாம்.

அதனால டாக்டர்கிட்ட இதையும் சொல்லிடு. செவ்வாய்க்கிழமை, கூண்டுக்குள்ள இருக்கறப்பவே அந்தச் செடிக்கு வேப்பெண்ணெய் அடிச்சேன். பூச்சிக்கு எப்பவும் அடிக்கறதுதான். செடியை வெளிய எடுத்துட்டேன், கூண்டையும் துடைச்சுட்டேன்.

யாமினி

டாக்டர்கிட்ட சொல்ல மேல எழுதினதே போதும். உனக்கு மட்டும் இது: செடில பூச்சி ஒண்ணுமே இல்ல, சபரி. சாயங்காலம் வந்ததும் நல்லா திட்டு. அப்படியாவது என்கிட்ட பேசு.